திறப்புக் கனகலிங்கமும் வயர்லெஸ் பெட்டியும்

கனகலிங்கத்தைப் பற்றி நல்லதாக எழுதச் சொல்லி ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன். ஆள் கள்ளன் இல்லை. குடிகாரன் இல்லை. ஒருவருக்கும் கை நீட்டி அடித்ததும் இல்லை. ஆனால் எது கையில் கிடைத்தாலும் அதைப் பூட்டி வைப்பார். பூட்டுக்கு முன்னால் சனத்தை நிற்க வைப்பார். சனம் நிற்பதைத் தனக்குச் செய்யும் மரியாதை என்று எடுத்துக்கொள்வார். இடுப்பில் எந்நேரமும் ஒரு திறப்புக் கோர்வை தொங்கும். நடந்தால் கிலுகிலு என்று கேட்கும். இப்படிப்பட்டவர்கள் எங்கள் பகுதியில் ஊருக்கு நாலு பேர் இருந்தார்கள். ஒருவரையாவது எழுதி வைக்கவேண்டும்.

பிறந்தது பூநகரி. தகப்பனுக்கு வயல் இருந்தது. மகனுக்குச் சேற்றில் கால் வைக்க வெட்கம். சங்கக்கடைக்கு மனேச்சராகப் போனார். பொருளாதாரத் தடை இருந்த காலம். மண்ணெண்ணெய் பங்கீட்டுக்கு வரும். எண்ணெய்ப் பரல் வந்து இறங்கியிருக்கும், அளக்கிற பேணி மட்டும் மேசை லாச்சிக்குள் பூட்டப்பட்டிருக்கும். திறப்பை விரலில் சுழற்றிக்கொண்டு கதிரையில் இருப்பார். வெயில் ஏறும். சனம் போத்தல்களோடு நிற்கும். "அவசரப்படாதேங்கோ, எல்லாத்துக்கும் ஒரு ஒழுங்கு இருக்கு" என்பார். ஒழுங்கு என்ன என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

பிறகு இடம்பெயர்வு. முகாமில் ஒரு குழாய்க்கிணறு. அதன் கைபிடியைக் கழற்றித் தன்னுடைய கொட்டிலுக்குள் வைத்துக்கொண்டார். "சின்னப் பிள்ளையள் அடிச்சு உடைச்சுப்போடுங்கள்" என்பது காரணம். தண்ணீருக்கு வந்த பெண்கள் குடத்தோடு முதலில் அவருடைய வாசலுக்குப் போகவேண்டும். அவர் எழும்பி, வேட்டியை உதறிக் கட்டி, கைபிடியை எடுத்துக்கொண்டு ஒரு ஊர்வலம் போலக் கிணற்றடிக்கு நடப்பார். எல்லாமே அழிந்துபோன இடத்திலும் பூட்டுவதற்கு ஒன்றைக் கண்டுபிடித்த ஆள்.

சமாதானக் காலத்தில் வவுனியாவுக்குப் போய்க் கணினி வகுப்பு ஒன்றில் இருந்துவிட்டு வந்தார். சான்றிதழைக் கண்ணாடி போட்டுக் கொழுவினார். கடல் வந்து முல்லைத்தீவை அள்ளிக்கொண்டு போன பிறகு, உதவி நிறுவனங்கள் கிளிநொச்சிக்கு வரிசையாக வந்தன. அதில் ஒன்று ஏ9 வீதிக்குப் பின்னால் ஒரு பெரிய வீட்டை வாடகைக்கு எடுத்தது. கூரையில் டிஷ் பூட்டினார்கள். கனகலிங்கம் அங்கே தொடர்பாடல் அலுவலர் ஆனார். நான் விவசாயச் சங்க வேலையாக அந்த அலுவலகத்துக்கு அடிக்கடி போய்வந்தவன். அதனால் மிச்சத்தைக் கண்ணால் கண்டேன்.

டிஷ்ஷில் இருந்து ஒரு வயர் இறங்கி, நடு மண்டபத்தில் இருந்த மோடத்துக்கு வரும். மோடத்துக்குப் பக்கத்தில் இரண்டு கொம்பு வைத்த ஒரு சின்னப் பெட்டி. வயர் இல்லாமல் எல்லாருடைய மடிக்கணினிக்கும் இணையத்தைக் கொடுப்பது அந்தப் பெட்டிதான். கொழும்பில் இருந்து வந்த பொடியன்கள் அதை மண்டபச் சுவரில் உயரமாக ஆணி அடித்துக் கொழுவிவிட்டுப் போனார்கள். எல்லா அறைக்கும் கிடைத்தது. சமைக்கிற குசினியில் இருந்துகூட மின்னஞ்சல் அனுப்பலாம்.

கனகலிங்கத்துக்கு அது பொறுக்கவில்லை. இவ்வளவு முக்கியமான சாமான் பூட்டில்லாமல், ஆணியில் தொங்குகிறது! ஒரு சனிக்கிழமை, ஆட்கள் இல்லாத நேரம், பெட்டியைக் கழற்றித் தன்னுடைய அறைக்குக் கொண்டுபோனார். அங்கே ஒரு இரும்பு அலுமாரி. அதற்குள் வைத்து, பின்பக்கம் ஓட்டை போட்டு வயர்களை வெளியே இழுத்து, ஒன்றை மண்டபத்து மோடம்வரை நீட்டி, கறண்டு வயரை மேசைக் காத்தாடி செருகியிருந்த பிளக்கிலேயே செருகினார். பிறகு அலுமாரியைப் பூட்டினார். திறப்பு இடுப்புக்குப் போனது.

திங்கட்கிழமை முதல் இணையம் இழுபடத் தொடங்கியது. தூர அறைகளுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. அவருடைய வாசலுக்குக் கிட்டப் போனால் மட்டும் கொஞ்சம் வரும். ஆகவே எல்லாரும் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அவருடைய அறைக்கு வெளியே, நடைபாதையில், நீளப் பலகை வாங்கில் வந்து குந்தினார்கள். பட்டதாரிகள், கணக்காளர், வெளிநாட்டில் படித்து வந்த ஒரு திட்ட ஆலோசகர். எல்லாரும் முழங்காலில் கணினியை வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு இருந்தார்கள். சங்கக்கடை வரிசையேதான். போத்தலுக்குப் பதில் கணினி.

கனகலிங்கத்துக்கு மனம் குளிர்ந்தது. ஆட்கள் தன்னைத் தேடி வருகிறார்கள் என்றுதான் கடைசிவரை நம்பினார்.

அவர் செய்த வைத்தியங்களையும் சொல்லவேண்டும். முதலில் எல்லாக் கணினிகளிலும் வைரஸ் என்றார். பிறகு கடவுச்சொல்லை மாற்றி, ஒவ்வொருவருடைய காதுக்குள்ளும் உபதேசம் மாதிரி ஓதினார். பிறகு வேலியோரம் நின்ற வேம்பு டிஷ்ஷை மறைக்கிறது என்று சொல்லி அதைத் தறித்தார். டிஷ் பார்த்த திசை வேறு, வேம்பு நின்ற திசை வேறு. முற்றத்தில் இருந்த ஒரே நிழலும் போனது. போர் திரும்பத் தொடங்கி ஏ9 பாதை பூட்டியிருந்ததால் கொழும்பில் இருந்து ஒருவரும் வந்து பார்க்க வழியில்லை. பணிப்பாளர் மயில்வாகனம், அரசாங்கத்தில் இருந்து இளைப்பாறி வந்தவர். அவருக்குத் தெரிந்த ஒரே பதில் "கனகலிங்கம் பார்த்துக்கொள்ளுவார்." எங்களுடைய படித்த மனிதர்கள் ஒரு திறப்புக் கோர்வையைக் கண்டால் இவ்வளவுதான்.

இந்தக் கூத்து இதோடு நின்றிருந்தால் நான் எழுதப் புறப்பட்டிருக்க மாட்டேன். இதற்குள் ஒரு மனிதனுடைய உயிர் சிக்கியது.

ஆண்டியப்பன் அந்த அலுவலகத்தின் ஜெனரேற்றர்காரர். மலையகத்துத் தோட்டத்தில் பிறந்தவர். கலவரத்தில் அடிபட்டுத் தாய் தகப்பனோடு வன்னிக்கு வந்து, தர்மபுரத்தில் காடு வெட்டிக் கச்சான் கடலை போட்ட குடும்பம். காலையில் சைக்கிளில் வந்து எஞ்சினை இழுத்து இயக்குவார், பின்னேரம் அணைத்துவிட்டுப் போவார். டீசல் கிடைக்காத காலம். மண்ணெண்ணெயைக் கலந்து ஓட்டினால் எஞ்சின் கொதிக்கும். அதனால் தேத்தண்ணி நேரம் வந்தால் எஞ்சினை நிற்பாட்டி ஆறவிடுவார். அந்த இடைவெளிக்கு மண்டபத்து விளக்குகளும் மோடமும் பற்றறியில் ஓடும். இது அங்கே எல்லாருக்கும் பழகிப்போன விஷயம்.

இரண்டாயிரத்து எட்டின் தொடக்கம். வண்டு என்று நாங்கள் சொன்ன, இராணுவத்தின் ஆளில்லாத வேவு விமானம் வானத்தில் சுற்றத் தொடங்கியிருந்தது. ஒரு மெல்லிய ரீங்காரம், அவ்வளவுதான். ஆனால் வண்டு பார்த்துவிட்டுப் போன இடத்தில், பின்னாலேயே கிபிர் விமானம் வந்து குண்டு போடும். ஆகவே சத்தம் கேட்டால் முற்றத்தில் வெட்டியிருந்த பங்கர்க் குழிக்குள் இறங்கவேண்டும் என்பது அலுவலக விதி. அந்த விதியை முதலாவதாக நிறைவேற்றுபவர் எப்போதும் கனகலிங்கம். அவர் இறங்கிய பிறகுதான் பெண்களுக்கு இடம்.

கொஞ்ச நாளில் நடைபாதையில் இருந்தவர்கள் ஒன்றைக் கண்டார்கள். இணையம் அறும். உடனே வண்டு கேட்கும். பங்கருக்கு ஓடுவார்கள். வண்டு போய், எஞ்சின் திரும்ப ஓடத் தொடங்கிய பிறகு வந்து பார்த்தால் இணையம் இருக்கும். ஒரு நாள் இல்லை, தினமும் இதே ஒழுங்கு.

கனகலிங்கம் வாங்கிலிருந்தவர்களைக் கூட்டி வைத்துத் தீர்ப்புச் சொன்னார்.

"வண்டு ஜாம் பண்ணுது. இதிலை ஆராய ஒண்டும் இல்லை."

"கறண்டு பிரச்சினையா இருக்காதோ?" என்று கணக்காளர் கேட்டார்.

"மோடத்திலை பச்சை லைட் எரியுது, கண் தெரியேல்லையோ? கறண்டு இருக்கு. கறண்டு இருந்தும் லைன் போகுதெண்டால் அது ஜாமிங். நான் இதைப் படிச்சனான்."

"அப்ப வண்டு வரமுதலே லைன் போகுதே?" என்றேன் நான்.

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் மாதிரிக் குரலைத் தாழ்த்தினார்.

"அதுதான் விஷயம். வண்டு வரமுதல் இஞ்சை என்ன நடக்குது? சொல்லுங்கோ பாப்பம். தோட்டக்காட்டான் ஜெனரேற்றரை நிப்பாட்டுறான். அவன் நிப்பாட்டின உடனை லைன் போகுது, வண்டு வருது. ஒவ்வொரு நாளும். அது சிக்னல். ஆளைப் பிடிச்சு விசாரிச்சால் எல்லாம் வரும்."

வாங்கிலிருந்த ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்கவேண்டிய இடம் அது. கணக்காளர் குனிந்து திரையைப் பார்த்தார். திட்ட ஆலோசகர் கண்ணாடியைத் துடைத்தார்.

"பணிப்பாளர் சேருக்குச் சொல்லிப்போட்டன். திங்கக்கிழமை மீற்றிங் முடிய, உரிய இடத்திலை அறிவிக்கப்போறம்" என்றார் கனகலிங்கம்.

உரிய இடம் எது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை. வன்னியில் இயக்கம் ஆண்ட அந்த நாளில் ஒருவனைப் பற்றி உளவாளி என்று ஒரு சொல் வெளியே போனால் அதைத் திரும்பக் கூப்பிட முடியாது. சில வேளைகளில் ஆளும் திரும்பி வருவதில்லை. பணிப்பாளருக்கு இது தெரியும். வாங்கில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஆண்டியப்பனுக்கும் அன்று மத்தியானமே தெரிந்துவிட்டது. அவர் எஞ்சின் கொட்டிலில் குந்தியிருந்தார். சோற்றுப் பார்சல் பிரிக்காமல் பக்கத்தில் கிடந்தது.

"நான் என்னாங்க செய்றது?" என்று என்னைக் கேட்டார். "நிப்பாட்டலேன்னா எஞ்சின் செத்துப்போகும். நிப்பாட்டினா நான் செத்துப்போவேன்."

திங்கட்கிழமை காலை. கூட்டம் இன்னும் தொடங்கவில்லை. தட்டில் வடை வந்திருந்தது. எஞ்சின் வீடு அதிர ஓடிக்கொண்டிருந்தது. அப்போது ஜெகதீஸ்வரி உள்ளே வந்தா. கள அலுவலர். உடையார்கட்டுப் பக்கம் வீடு கட்டும் வேலைகளைப் பார்த்தவ. எம்.டி.90 மோட்டார் சைக்கிளில் புழுதியோடு வந்து, புழுதியோடு போகிறவ. வாய் கொஞ்சம் நீளம். அந்த அலுவலகத்தில் எனக்குப் பிடித்த ஒரே ஆள்.

வாசலில் நின்று எல்லாரையும் ஒரு முறை பார்த்தா.

"என்ன, எல்லாரும் சாகிறதெண்டு முடிவெடுத்திட்டியளோ?"

"என்ன பிள்ளை?" என்றார் மயில்வாகனம்.

"தலைக்கு மேலை வண்டு நிக்குது. சந்தியிலை சனம் கடையைச் சாத்திப்போட்டு அண்ணாந்து பாக்குது. நீங்கள் இருந்து வடை சாப்பிடுறியள்."

கனகலிங்கத்தின் கையில் இருந்த வடை அந்தரத்தில் நின்றது. காதைத் தீட்டிக் கேட்டார்.

"ஒண்டும் கேக்கேல்லையே."

"எஞ்சின் இப்பிடிக் கத்தேக்கை என்னண்டு கேக்கும்?"

சொன்னவவே அந்தச் சொல்லில் தடக்கி நின்றா. எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. தலைக்கவசம் கையில் இருந்தது. அதை மேசையில் வைத்துவிட்டு மயில்வாகனத்தைப் பார்த்தா.

"சேர், ஒருக்கா என்னோடை கேற்றுக்கு வெளியிலை வாங்கோ."

"வெளியிலையோ? வண்டு நிக்குதெண்டு இப்பத்தானே..."

"அது விடிஞ்சதிலை இருந்து நிக்குது சேர். நான் தர்மபுரத்திலை கேட்டனான், பரந்தனிலை கேட்டனான், சந்தியிலை கேட்டனான். இந்த வளவுக்குள்ளை வந்தாப் பிறகுதான் கேக்கேல்லை. வாங்கோ."

பணிப்பாளர் எழும்பினார். பெண் ஒருத்தி முன்னே போனால் ஆண் பின்னால் நிற்க வெட்கம், அதனால் எழும்பினார், துணிவினால் இல்லை. கேற்றைத் தாண்டி, வீதி திரும்பும் முடக்குவரை போனார்கள். நானும் பின்னால் போனேன். அங்கே எஞ்சின் சத்தம் தேய்ந்தது. மேலே ரீங்காரம் தெளிவாகக் கேட்டது. திரும்பி உள்ளே வந்தோம். எஞ்சின் சத்தம் ரீங்காரத்தை விழுங்கிவிட்டது.

"விளங்குதோ சேர்? வண்டு வாறதுமில்லை, போறதுமில்லை. அது எந்நேரமும் நிக்குது. எஞ்சின் நிண்டால்தான் எங்கடை காதுக்குக் கேக்குது. ஆண்டியப்பன் அண்ணை கூப்பிட்டு அது வரேல்லை."

கனகலிங்கம் நடைபாதையில் வந்து நின்றார்.

"அப்ப லைன் ஏன் போகுது? அதுக்குப் பதில் சொல்லும் பாப்பம்!"

"அதையும் பாப்பம். ஆண்டியப்பண்ணை, நிப்பாட்டுங்கோ."

ஆண்டியப்பன் கொட்டில் வாசலில் நின்று தலையை ஆட்டினார்.

"நான் தொட மாட்டேங்க மிஸ். நான் தொட்டா அதுக்கும் ஒரு கதை வரும்."

ஜெகதீஸ்வரி தானே போய் நிற்பாட்டினா. எஞ்சின் இருமி இருமி அடங்கியது. அடங்கியதும் வானம் முழுக்க ரீங்காரம். வாங்கில் ஒருவர் "லைன் போயிட்டுது" என்றார். அதே நேரம் கிலுகிலு என்று ஒரு சத்தம் முற்றத்தைக் கடந்து போனது. திரும்பிப் பார்க்கும்போது கனகலிங்கம் இல்லை. பங்கர் இருந்தது.

ஜெகதீஸ்வரி பங்கர் வாய்க்குப் போய்க் குனிந்தா.

"கனகலிங்கண்ணை, அலுமாரித் திறப்பு. பெட்டியைப் பாக்கவேணும்."

"நான் வெளியிலை வரமாட்டன்."

"உங்களை ஆர் கேட்டது? திறப்பைத் தாங்கோ."

"அது என்ரை பொறுப்பு. நான் இல்லாமல் திறக்கேலாது."

"அப்ப வாங்கோ."

"வரமாட்டன் எண்டெல்லே சொல்லுறன்!"

மயில்வாகனம் வாழ்க்கையில் முதல் தடவையாக உரத்துப் பேசினார். "கனகலிங்கம், திறப்பைக் குடும்!"

பிறகு மண் மூட்டைகளுக்கு நடுவில் இருந்து ஒரு கை வந்தது. கை மட்டும். விரல் நுனியில் திறப்புக் கோர்வை. அத்தனை வருடம் சங்கக்கடையிலும் கிணற்றடியிலும் சனத்தை நிற்க வைத்த அந்தக் கை, கோர்வையைப் போட்டுவிட்டு உடனே உள்ளே போனது. எனக்கு இரக்கம் வரவில்லை.

அலுமாரியைத் திறந்தோம். ஒரு பிஸ்கட் பேணி. மடித்த வேட்டி ஒன்று. அதற்குப் பக்கத்தில் பெட்டி. ஒரு லைட்டும் இல்லை. செத்துக் கிடந்தது. ஜெகதீஸ்வரி கறண்டு வயரைப் பிடித்துக்கொண்டு பிளக்வரை போனா. பற்றறிக் கறண்டு மண்டபத்துப் பிளக்குகளுக்கு மட்டும்தான். இந்த அறைக்கு எஞ்சின் கறண்டு மட்டும். எஞ்சின் நின்றால் காத்தாடி நிற்கும். காத்தாடியோடு பெட்டியும் நிற்கும். மண்டபத்தில் மோடம் மட்டும் பச்சை காட்டிக்கொண்டு இருக்கும். பெட்டி செத்துக் கிடப்பதை அவர் ஒரு நாளும் காணவில்லை. எஞ்சின் நிற்கும் நேரமெல்லாம் அவர் பங்கருக்குள். எஞ்சின் ஓடத் தொடங்கி, மேலே ஒன்றும் கேட்காமல் போன பிறகுதான் ஏறி வந்து அலுமாரியைத் திறந்து பார்ப்பார். அப்போது பெட்டியில் லைட் எரியும்.

ஜெகதீஸ்வரி யன்னலால் முற்றத்தைப் பார்த்துக் கத்தினா.

"கனகலிங்கண்ணை! உங்கடை காத்தாடியும் நிண்டுபோச்சு! அதையும் வண்டு ஜாம் பண்ணிப்போட்டுதோ?"



பெட்டியைப் பழையபடி மண்டபச் சுவரில், அதே ஆணியில் கொழுவினோம். இரும்புக்குள் இருந்து வெளியே வந்ததும் எல்லா அறைக்கும் இணையம் போனது. எஞ்சினை நிற்பாட்டினாலும் அறவில்லை. வாங்கு வெறுமையானது. ஏறி வந்த கனகலிங்கம் வெறும் வாங்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். "வயறிங் செய்தவன் பிழை விட்டிருக்கிறான், நான் அப்பவே சந்தேகப்பட்டனான்" என்றார். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. பழக்கம் அப்படி.

மயில்வாகனம் கொட்டிலுக்குப் போனார்.

"சரி ஆண்டியப்பன், பிரச்சினை முடிஞ்சுது. நீர் வேலையைப் பாரும்."

மன்னிப்பு இல்லை. ஆண்டியப்பன் எஞ்சின் இழுக்கும் கயிற்றைச் சுற்றிப் பணிப்பாளருடைய கையில் வைத்தார்.

"வேணாங்க ஐயா. ஒரு தடவ பேரு அடிபட்டுருச்சு. இனி மழை பேயலேன்னாலும் நான்தான்னு சொல்லுவாங்க. நான் கச்சான் புடுங்கப் போறேன்."

சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். அவரை நிற்கச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை.

எஞ்சின் வேலை கனகலிங்கத்தின் தலையில் விழுந்தது. கொட்டிலுக்குப் பூட்டுப் போட்டார், சொல்லத் தேவையில்லை. ஆனால் எஞ்சினை ஆறவிடவில்லை. காலையில் இழுத்தால் பின்னேரம்வரை ஓடும். "கொதிக்குது, நிப்பாட்டுங்கோ" என்று சொல்லிப் பார்த்தார்கள். "எனக்குத் தெரியும்" என்றார். காரணம் எல்லாருக்கும் விளங்கியது. எஞ்சின் கத்திக்கொண்டிருக்கும்வரை மேலே ஒன்றும் கேட்காது. கேட்காவிட்டால் மேலே ஒன்றும் இல்லை. வானத்தில் நிற்பதை அவர் தன் காதுக்குள் பூட்டி வைக்கப் பார்த்தார். மாரி தொடங்க முதலே எஞ்சின் இறுகி, கரும்புகை தள்ளி, ஒரேயடியாக நின்றது. அதற்குப் பிறகு பற்றறியும் இல்லை, மோடமும் இல்லை, இணையமும் இல்லை. பெட்டி ஆணியில் தொங்கியது.

அந்த வருடம் புரட்டாதியில் வெளிநாட்டுக்காரர் வன்னியை விட்டுப் போனார்கள். பிறகு கிளிநொச்சி முழுக்க மூட்டை முடிச்சோடு இடம்பெயர்ந்து வீதியில் இறங்கியது. நானும் போனேன். தர்மபுரத்தில் ஆண்டியப்பனுடைய கச்சான் காணியில் தறப்பாள் கொட்டில்கள் நிரம்பிக் கிடந்தன. அவரும் மனைவி ராக்காயியும் வந்தவர்களுக்கெல்லாம் இடம் பிரித்துக் கொடுத்துக்கொண்டு நின்றார்கள். ஒரு உழவு இயந்திரம் வந்து நின்றது. அதன் இழுவைப் பெட்டிக்குள் ஒரு இரும்பு அலுமாரி. அதன் மேல் கனகலிங்கம், மடியில் திறப்புக் கோர்வையோடு.

ஆண்டியப்பனைக் கண்டதும் இறங்குவதா விடுவதா என்று தெரியாமல் முழித்தார்.

ஆண்டியப்பன் அலுமாரியின் ஒரு பக்கத்தைப் பிடித்து இறக்கினார். வேலிக்குப் பக்கத்தில் ஒரு துண்டு நிலத்தைக் காலால் கோடு கிழித்துக் காட்டினார்.

"இங்க போட்டுக்கங்க ஐயா. பங்கர் அந்தா இருக்கு, வெட்டி வச்சிருக்கேன். பொம்பளைங்க, புள்ளைங்க மொதல்ல எறங்குவாங்க. அதுக்கப்புறம் நீங்க."

கனகலிங்கம் தலையாட்டினார்.

"இன்னொண்ணு. இங்க ஜெனரேட்டர் கெடையாது. நாள் பூரா கேக்கும்."

மேலே வண்டின் ரீங்காரம் கேட்டுக்கொண்டே இருந்தது. கனகலிங்கம் அலுமாரியின் பூட்டை ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, அதற்குப் பக்கத்தில் வெறும் தரையில் குந்தினார்.